பத்து பைசாவும் ஒரு பெட்டிக்கடையும்

மலிவு விலைக் காலத்தை நினைத்து ஏங்காத வீடு திண்டுக்கல்லில் இல்லை. அந்தக் காலத்தோடு நம்மை விட்டுப் போனது எது?

2019 அக்டோபர் 16, உலக உணவு நாள். திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தது. ஐந்து பைசா நாணயத்தோடு முதலில் வரும் நூறு பேருக்கு அரை பிளேட் சிக்கன் பிரியாணி என்பது அறிவிப்பு. செய்தி பரவியதும் கடை முன்னால் கூட்டம் சேர்ந்தது. எங்கோ உண்டியலில், அஞ்சறைப் பெட்டியின் அடியில், சாமி படத்துக்குப் பின்னால் கிடந்த சதுர நாணயத்துக்கு அன்று ஒருநாள் உயிர் வந்தது. அந்த நாணயம் செல்லாமல் போய் எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வங்கி வாங்காது, பேருந்து நடத்துநர் வாங்க மாட்டார். ஆனால் கல்லாவில் இருந்தவர் வாங்கிக்கொண்டு பொட்டலத்தை நீட்டினார்.

ஐந்து பைசாவுக்குப் பிரியாணி எந்தக் காலத்திலும் கிடைத்ததில்லை. ஐந்து நயா பைசா நாணயம் புழக்கத்துக்கு வந்தது 1957-ல். நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டலைத் தொடங்கியதும் அதே 1957-ல்தான். தலையில் அவர் கட்டிய தலைப்பாகையே பின்னாளில் கடைக்குப் பெயரானது. நாணயத்துக்கும் ஆனந்த விலாஸுக்கும் ஒரே வயது. ஆனாலும் அந்தக் கடையில் அந்தக் காசுக்கு ஒரு பிளேட் கிடைத்திருக்காது. இது 2019-ல் வரிசையில் நின்ற பெரியவர்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் நின்றார்கள். அந்தக் காசை ஒருமுறை கல்லாவில் வைத்து ஏதாவது வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை அவர்களை நிறுத்தியது.

அந்த ஆசையைத்தான் இன்று டீக்கடையிலும் கல்யாணப் பந்தியிலும் கேட்கிறோம். "அப்பெல்லாம் பத்து பைசாவுக்குக் கை நிறைய மிட்டாய் தருவாங்க", "நாலணா இருந்தா ராஜா" என்று தொடங்கும் பேச்சு, "இப்ப எல்லாம் யானை விலை குதிரை விலை" என்று முடிகிறது. அது உண்மைதானா என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை வேறு திசையில் போகிறது.

இந்த மண்ணின் தின்பண்டம்

கணக்குக்குப் போகுமுன் அந்தத் தின்பண்டங்களைப் பார்ப்போம். திண்டுக்கல் வறண்ட பூமி. மலை ஒருபக்கம், மானாவாரிக் காடு மறுபக்கம். பிள்ளைகளின் தின்பண்டமும் அதற்கேற்றபடிதான் இருந்தது. சிறுமலையிலிருந்து வாழைப்பழம் இறங்கியது. ஆயக்குடியிலிருந்து கொய்யா வந்தது. நத்தம் பக்கத்திலிருந்து மாங்காயும் புளியும் வந்தன. மானாவாரி நிலத்துக் கடலையும் நெய்க்காரப்பட்டி வெல்லமும் சேர்ந்த இடத்தில் கடலை மிட்டாய் பிறந்தது.

பருவத்தைக் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பள்ளிக்கூட வாசலில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் அம்மாவின் கூடையைப் பார்த்தால் போதும். மார்கழி, தையில் இலந்தைப்பழமும் பனங்கிழங்கும். மாசி, பங்குனியில் கொடுக்காப்புளி. சித்திரை, வைகாசியில் நுங்கு. ஆடி பிறந்தால் நாவல்பழம். மாங்காயைப் பத்தை போட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வைத்திருப்பது கோடை முழுக்க. அளக்க ஓர் ஆழாக்கு டம்ளர் இருக்கும். அதில் கூம்பாரமாக அளந்து, பழைய நோட்டுத்தாளில் கட்டி, மேலே இரண்டு பழம் கொசுறு போட்டால்தான் வியாபாரம் முடிந்ததாக அர்த்தம்.

பெட்டிக்கடையின் உலகம் தனி. கண்ணாடிப் புட்டிகள் வரிசையாக நிற்கும். தேன் மிட்டாய், கமர்கட்டு, பல்லி மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய், சூட மிட்டாய், எள்ளுருண்டை, பொரி உருண்டை. விரலில் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடிக்கும் மஞ்சள் குழல் அப்பளம். கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா என்றால் மூங்கில் கம்பில் ஜவ்வு மிட்டாய் சுற்றிய ஆள் வருவார். கம்பின் உச்சியில் பொம்மை கை தட்டும். மிட்டாயை இழுத்து, பிள்ளையின் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டி, மீதியைக் கன்னத்தில் ஒட்டிவிடுவார். வெயில் ஏறினால் சைக்கிள் பெட்டியின் மூடியை அடித்துக்கொண்டு குச்சி ஐஸ் வரும். சேமியா ஐஸுக்கு ஐந்து பைசா கூடுதல் என்பது பெரிய பிரச்சினை.

---

■ பெட்டிச் செய்தி: காசு நடந்து வந்த வழி

• 1957 ஏப்ரல் 1-க்கு முன்பு ஒரு ரூபாய் என்பது 16 அணா. அதாவது 64 காலணா, 192 தம்படி. அன்று முதல் ஒரு ரூபாய் 100 நயா பைசா ஆனது.

• 1964-ல் 'நயா' உதிர்ந்து வெறும் 'பைசா' ஆனது. ஆனாலும் 25 பைசாவை நாலணா என்றும் 50 பைசாவை எட்டணா என்றும் சொல்லும் வழக்கம் ஒரு தலைமுறைக்கு மேல் நீடித்தது.

• ஐந்து பைசா சதுரம், பத்து பைசா பூ விளிம்பு, 1982-ல் வந்த அலுமினிய இருபது பைசா ஆறு பக்கம். எழுத்துத் தெரியாத பிள்ளையும் தடவிப் பார்த்தே சொல்லிவிடும்.

• 2011 ஜூன் 30 முதல் 25 பைசாவும் அதற்குக் கீழானவையும் செல்லாது. 50 பைசா இன்றும் சட்டப்படி செல்லும்.

---

உண்மையில் மலிவாக இருந்ததா?

தொழிலாளர் குடும்பங்களின் அன்றாடச் செலவை வைத்து மத்திய அரசு நுகர்வோர் விலைக் குறியீட்டெண் கணக்கிடுகிறது. 1960-ஐ அடிப்படையாகக் கொண்ட தொடர் 1982-க்கு மாறியபோது இணைப்புக் காரணி (புதிய தொடரைப் பழையதோடு இணைக்கும் பெருக்கெண்) 4.93. 1982-லிருந்து 2001-க்கு மாறியபோது 4.63. 2001-லிருந்து 2016-க்கு 2.88. 2016-ல் 100 என்று வைத்த குறியீடு 2025-ல் 145-ஐ ஒட்டி நிற்கிறது. இவற்றைப் பெருக்கிப் பார்த்தால், 1982-லிருந்து விலைவாசி சுமார் 19 மடங்கு ஏறியிருக்கிறது. 1960-லிருந்து பார்த்தால் சுமார் 95 மடங்கு.

இப்போது பிள்ளையின் கைக்காசுக்கு வருவோம். 1982-ல் பத்து பைசா என்பது இன்றைக்கு ஒரு ரூபாய் 90 காசு. இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்ளலாம். 1960-ன் ஐந்து பைசா இன்றைய ஐந்து ரூபாயைக் கிட்டத்தட்ட தொடுகிறது. இன்று தெருமுனைக் கடையில் ஒரு தேன் மிட்டாயோ கடலை மிட்டாயோ ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் கிடைக்கிறது. அப்படியென்றால் மிட்டாய் விலை ஏறவே இல்லை. பத்து பைசா மிட்டாய் பத்து பைசாவுக்கே கிடைக்கிறது, நாணயத்தின் முகம்தான் மாறியிருக்கிறது.

தீப்பெட்டியைப் பாருங்கள். 50 பைசாவாக இருந்தது 2007-ல் ஒரு ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு 14 ஆண்டுகள் அசையாமல் நின்று, 2021 டிசம்பர் 1 முதல்தான் இரண்டு ரூபாய். பொது விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஏறிய காலத்தில் தீப்பெட்டி ஒரே இடத்தில் நின்றது. பெட்டிக்கடைப் பொருள்கள் பெரும்பாலும் இப்படித்தான். விலையை ஏற்றினால் வாங்கும் கை விலகிவிடும் என்ற பயம் செய்கிறவருக்கும் விற்கிறவருக்கும் உண்டு.

கூலியை வைத்துப் பார்த்தால் கதை இன்னும் தெளிவாகிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு விவசாயக் கூலியின் நாள் சம்பளம் பத்து ரூபாயைத் தொடவில்லை. முழு நாள் உழைப்புக்கு நூறு பத்து பைசா மிட்டாய்கூட வராது. 2025-26-ல் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு நிர்ணயித்த கூலி 336 ரூபாய். அதற்கு இரண்டு ரூபாய் மிட்டாய் 168 வரும். உழைப்பால் அளந்தால் தின்பண்டம் மலிந்திருக்கிறது.

அரிசி விஷயமும் அப்படியே. ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற வாக்குறுதி 1967 தேர்தலில் ஆட்சியை மாற்றுமளவு கனமாக இருந்தது. ரேஷன் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது. 2011 ஜூன் 1 முதல் விலையே இல்லை. அதே மாதத்தின் கடைசி நாளில்தான் நாலணா செல்லாமல் போனது. 2013-ல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய். மலிவு விலை இந்த மாநிலத்தில் மறைந்துவிடவில்லை. முன்பு கடைக்காரர் சுமந்ததை இன்று அரசு மானியம் சுமக்கிறது.

பிறகு ஏன் எல்லாமே எட்டாத விலைக்குப் போய்விட்டதாகத் தோன்றுகிறது? நமக்கு ஏறியது வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மருத்துவமனை பில். இந்த மூன்றும் பத்து வயதில் நம் கண்ணில் பட்டதில்லை, அவற்றை அப்பாவும் அம்மாவும் சுமந்தார்கள். நாம் கண்ட ஒரே விலைப்பட்டியல் மிட்டாய்ப் புட்டியின் மேல் இருந்தது. இன்று பாரம் தோளில் ஏறியதும் அந்தப் பட்டியலைத் தேடுகிறோம்.

கைக்காசு இல்லாத பிள்ளைகள்

பழைய நாளைப் பற்றிப் பேசும்போது விட்டுவிடுகிற ஒன்று உண்டு. அந்தப் பத்து பைசா எல்லாப் பிள்ளையின் கையிலும் இல்லை.

நாம் கணக்குக்கு எடுத்த அதே 1982-ல், ஜூலை 1-ஆம் தேதி, எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1956-ல் காமராஜர் தொடங்கிய மதிய உணவின் விரிவு அது. பள்ளிக்கூடத்தில் சோறு போட்டால்தான் பிள்ளை வரும் என்ற நிலை இருந்ததால்தான் அது தேவைப்பட்டது. அன்று மதுரை மாவட்டத்தில் இருந்த திண்டுக்கல் சுற்றுவட்டாரக் கிராமங்களும் இதற்கு விலக்கல்ல. மிட்டாய்ப் புட்டியைப் பார்த்துவிட்டு நடந்துபோன பிள்ளைகளுக்கு அந்தக் கடையின் நினைவு வேறாகத்தான் இருக்கும். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. வயிறு நிறைந்த பிள்ளைகள் என்ற ஒரே கணக்கில் பார்த்தாலும் இன்றைய காலம் அன்றைய காலத்தை வென்றுவிட்டது.

காசு இருந்தும் வாங்க முடியாத பிள்ளைகளும் இருந்தார்கள். எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்து, காசைத் தரையில் வைக்கச் சொல்லி, மிட்டாயை மேலிருந்து கையில் போட்ட கடைகள் ஊர்ப்புறங்களில் இருந்தன. அது பழங்கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரின் காணொளி வெளியாகி, அவர் கைது செய்யப்பட்டு, கடைக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். மிட்டாய் கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பிய அந்தப் பிள்ளைகளின் முகம் நம் ஏக்கத்துக்குள் இருக்க வேண்டும். அந்த நாள்களில் மீட்கத் தகுந்தது எது, புதைக்க வேண்டியது எது என்று பிரித்துப் பார்க்க அதுவே உரைகல்.

கடை செய்த வேலை

மீட்கத் தகுந்தது கடைக்காரரின் நடத்தை. எவ்வளவு சின்னக் காசானாலும் அதற்கு ஒரு பொருள் அங்கே இருந்தது. ஐந்து பைசாவோடு வந்த ஆறு வயதுப் பிள்ளையும் வாடிக்கையாளர்தான். எதை வாங்குவது என்று அது பத்து நிமிடம் யோசிக்கும். கடைக்காரர் பொறுத்திருப்பார். கமர்கட்டு வாங்கினால் நீண்ட நேரம் வாயில் இருக்கும், தேன் மிட்டாய் வாங்கினால் இரண்டு பேர் பகிரலாம், ஐஸ் வாங்கினால் கையிலேயே கரைந்துவிடும். வரவு செலவின் முதல் பாடம் இதுதான். வகுப்பறையில் யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை.

மளிகைக் கடையில் இன்னொரு பாடம். 'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை தொங்கும். அதன் கீழேயே உட்கார்ந்து அண்ணாச்சி கணக்கு நோட்டில் கடன் எழுதிக்கொண்டிருப்பார். பூட்டுப் பட்டறையிலும் தோல் ஷாப்பிலும் புகையிலைக் கம்பெனியிலும் வாரச் சம்பளம் வாங்கிய ஊர் இது. சனிக்கிழமை கூலி வரும்வரை குடும்பங்கள் ஓடியது அந்த நோட்டின் பலத்தில். ஐம்பது கிராம் துவரம்பருப்பு, கால் ரூபாய்க்கு நல்லெண்ணெய், ஒரு முழத் தாம்புக் கயிறு என எதையும் பிரித்துத் தருவார்கள். அண்ணாச்சி கடை, பாய் கடை, செட்டியார் கடை, அப்பத்தா கடை என்று ஆளின் பெயரால்தான் கடைக்குப் பெயர். பலகையில் வேறு பெயர் இருந்தாலும் யாரும் படித்ததில்லை.

பிரித்து விற்கும் இந்த வித்தையைப் பெரிய நிறுவனங்கள் பின்னால் கற்றுக்கொண்டன. கடலூரில் 1983-ல் தொடங்கிய சிக் ஷாம்பு, பாக்கெட்டில் அடைத்துச் சில்லறைக் காசுக்கு விற்று நாடு முழுக்கப் பரவியது. பிஸ்கட், சிப்ஸ், காபித்தூள் எல்லாம் அதே வழியில் வந்தன. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் என்று விலையை நிறுத்திவைத்து, உள்ளே எடையைக் குறைத்துக்கொண்டே வருவது இன்றைய வழக்கம். டம்ளரில் கூம்பாரமாக அளந்து கொசுறு போட்ட கைக்கும், கிராமைக் குறைத்துக் காற்றை அடைக்கும் இயந்திரத்துக்கும் உள்ள தூரத்தைப் பிள்ளைகள் அறியமாட்டார்கள். பெரியவர்களுக்குத் தெரியும். விலை உயர்ந்துவிட்டது என்று நாம் புலம்பும்போது மனதுக்குள் உறுத்துவது பெரும்பாலும் இதுதான்.

---

■ பெட்டிச் செய்தி: புட்டிக்குள் போவதற்கு முன்

கமர்கட்டு: வெல்லப்பாகு காய்ச்சி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டி எடுத்துத் தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். அந்தப் பதத்தில் தேங்காய்த் துருவலைச் சேர்த்துச் சூட்டோடு உருட்டுவார்கள். ஆறிவிட்டால் கை வேலை செய்யாது.

தேன் மிட்டாய்: இதில் தேன் கிடையாது. அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்து, உருண்டையாக எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பாகில் ஊறவிடுவது.

ஜவ்வு மிட்டாய்: சர்க்கரைப் பாகை எலுமிச்சைச் சாறு சேர்த்துக் காய்ச்சி, சூடு தணியும்போது இழுத்து மடித்து இழுத்து மடித்துக் காற்றேற்றினால் ஜவ்வுப் பதம் வரும்.

கோலி சோடா: ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-ல் காப்புரிமை பெற்ற பாட்டில். தலைகீழாகப் பிடித்து வாயுவை ஏற்றினால், அந்த அழுத்தமே கோலியைக் கழுத்திலிருக்கும் ரப்பர் வளையத்தில் அழுத்தி மூடிவிடும். தனி மூடி வேண்டாம், பாட்டிலைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம்.

---

சில்லறை போனதால் யாருக்கு நட்டம்?

ஜவ்வு மிட்டாய்க் கம்பிலும் இன்று கியூஆர் கோடு அட்டை தொங்குகிறது. 2016-ல் யுபிஐ வந்த பிறகு தள்ளுவண்டி வியாபாரிக்குக் கிடைத்த நன்மைகள் பல. சில்லறைத் தட்டுப்பாடு இல்லை, கல்லா பறிபோகும் பயம் இல்லை. ஆனால் பணம் செலுத்தும் கை மாறிவிட்டது. செல்போன் அப்பாவிடம் இருக்கிறது. பிள்ளை கேட்கலாம், அடம் பிடிக்கலாம். வாங்குவது அப்பாதான். தன் காசு, தன் தேர்வு, தன் தவறு என்று பிள்ளைக்கு இருந்த சின்ன ஆட்சிப் பரப்பு சத்தமில்லாமல் போய்விட்டது. சில்லறை மறைந்ததில் பெரிய நட்டம் இதுதான் என்று நினைக்கிறேன்.

நாணயத்தின் மேல் நமக்கே நம்பிக்கை குறைந்துவிட்டது. பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தி தமிழ்நாட்டின் பல ஊர்களில் பல ஆண்டுகள் ஓடியது. பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்த பிறகும் கடைகளில் திருப்பித் தந்தார்கள். பெரியவரே வாங்க யோசிக்கும் காசைப் பிள்ளை எங்கே கொண்டுபோய்க் கொடுக்கும்?

இரண்டாவது நட்டம், செய்கிறவர்களுக்கு. வீட்டு அடுப்பில் பாகு காய்ச்சிப் புட்டி புட்டியாகக் கடைக்குப் போட்டவர்கள், கூடை தூக்கிப் பள்ளி வாசலுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெல்லமும் எண்ணெயும் விறகும் ஏறின, மிட்டாய் மட்டும் ஒரு ரூபாயிலேயே நின்றது. அந்த இடைவெளியைத் தங்கள் கூலியைக் குறைத்துக்கொண்டுதான் நிரப்பினார்கள். முடியாதபோது அடுப்பை அணைத்தார்கள். நாம் மலிவு என்று கொண்டாடிய விலைக்குள் யாரோ ஒருவரின் உழைப்புக்குக் கூலி இல்லாமல் போயிருக்கிறது.

மூன்றாவது நட்டம் தெருவுக்கு. புட்டியிலிருந்து நோட்டுத்தாளுக்கு மாறிய பண்டம் குப்பையை விட்டுச் செல்லவில்லை. சோடா பாட்டில் கடைக்கே திரும்பியது. இன்று ஒவ்வொரு மிட்டாய்க்கும் ஓர் உறை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருந்தும், வாறுகாலை அடைத்துக் கிடப்பவற்றில் தின்பண்ட உறைகளுக்குக் குறைவில்லை.

கண்ணைப் பறித்த நிறம்

பழைய பண்டம் எல்லாம் ஆரோக்கியம் என்று சொல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. 2024 பிப்ரவரி 17-ல் தமிழ்நாடு அரசு பஞ்சு மிட்டாயைத் தடை செய்தது. ஆய்வில் ரோடமின்-பி கண்டுபிடிக்கப்பட்டதுதான் காரணம். துணிக்கும் காகிதத்துக்கும் நிறம் ஏற்றுகிற சாயம் அது, உணவில் சேர்க்க அனுமதி இல்லை. அந்த அடர் ரோஜா நிறத்தைப் பார்த்துத்தான் நம் தலைமுறை முழுக்கத் திருவிழாக் கடைக்கு ஓடியது. அன்று சோதித்துப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. மிட்டாய்ப் புட்டிக்குப் பக்கத்திலேயே பீடிக்கட்டும் சுருட்டும் புகையிலைப் பொட்டலமும் இருந்தன. புகையிலைக்குப் பெயர் பெற்ற ஊரில் அது யாருக்கும் உறைக்கவில்லை. கல்வி நிலையத்திலிருந்து நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்று 2003-ல் வந்த சட்டம் சொல்கிறது. பள்ளி எதிரே நிற்கும் பெட்டிக்கடை பழையபடி வர வேண்டும் என்று நாம் ஆசைப்பட்டால், அது இந்த இரண்டு குறையையும் களைந்துவிட்டு வர வேண்டும்.

ஏக்கம் வியாபாரம் ஆகும்போது

கல்யாண வரவேற்பில் இப்போது ஒரு மூலையில் பழைய மிட்டாய்க் கடை வைக்கிறார்கள். நைன்டீஸ் கிட்ஸ் என்ற பெயரில் ஊருக்கு ஊர் கடைகள். சூப்பர் மார்க்கெட் அலமாரியில் கமர்கட்டும் தேன் மிட்டாயும் டப்பாவில் உட்கார்ந்திருக்கின்றன. இதில் தவறில்லை. டப்பாவில் போட்டு விற்கும் லாபம் பாகு காய்ச்சியவர் கைக்குப் போகிறதா என்பதே கேள்வி.

ஏக்கத்துக்கு உள்ள பலத்துக்கு நல்ல சாட்சி, காளிமார்க் நிறுவனத்தின் குளிர்பானமான பவண்டோ. 1916-ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க், வெளிநாட்டுக் குளிர்பானங்கள் சந்தையை நிரப்பியபோதும் தென் மாவட்டங்களில் தாக்குப்பிடித்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. பெட்டிக்கடை வாசல்களில் பவண்டோவுக்கும் பன்னீர் சோடாவுக்கும் மறுபடி இடம் கிடைத்தது. வாங்குகிறவரும் விற்கிறவரும் சேர்ந்து முடிவெடுத்தால் பழைய ருசி நினைவிலிருந்து கடைக்குத் திரும்பும் என்பதற்கு இது கண்ணெதிரே நடந்த சான்று.

வெறும் பெருமை மட்டும் போதாது என்பதற்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 2019 ஆகஸ்டில் பழனி பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே மாதம் திண்டுக்கல் பூட்டுக்கும் கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கு முருகன் இருக்கிறார், வாங்க ஆள் வந்துகொண்டே இருக்கிறது. பூட்டுக்கு அப்படி யாரும் இல்லை. நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் கையால் அரம் போட்டுச் சாவி இழைத்த பட்டறைகள், அலிகாரிலிருந்து வரும் இயந்திரப் பூட்டின் விலையோடு மோதி ஒவ்வொன்றாக அடங்கின. மாங்காய்ப் பூட்டைப் பற்றிப் பெருமை பேசும் நம்மில் எத்தனை பேர் வீட்டு வாசலில் அது தொங்குகிறது? பேச்சால் ஒரு தொழில் பிழைத்ததில்லை. கமர்கட்டுக்கும் இதே கதி வரக் கூடாது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். சட்டமும் வசதியும் ஏற்கெனவே இருக்கின்றன.

வீட்டில் மிட்டாய் செய்து சிறிய அளவில் விற்பவர், உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு கட்டணம் கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். அனுமதிக்கப்பட்ட நிறம் எது, எவ்வளவு என்று சொல்லிக் கொடுப்பதும் அந்தத் துறையின் வேலையாக வேண்டும். அபராதத்தோடு மட்டும் போகிற அதிகாரியைக் கண்டு கூடைக்காரம்மா ஓடுவார். கையேடும் பயிற்சியும் கொண்டு போனால் நின்று கேட்பார்.

2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டப்படி ஒவ்வொரு நகரிலும் விற்பனைக் குழு இருக்க வேண்டும். அதில் 40 விழுக்காடு இடம் வியாபாரிகளுக்கு, அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. திண்டுக்கல் மாநகராட்சி பள்ளிகளை ஒட்டி, புகையிலை இல்லாத, தண்ணீரும் நிழலும் உள்ள சிறு விற்பனை இடங்களை அந்தக் குழுவின் வழியாக ஒதுக்கலாம். கொய்யாவும் நெல்லிக்காயும் கடலை மிட்டாயும் அங்கே முதல் வரிசையில் இருக்கட்டும். பிள்ளை வீட்டிலிருந்து அந்தக் கடைக்கு நடந்துபோக ஒரு நடைபாதையும் வேண்டும். வண்டி மோதும் என்ற பயத்தில்தான் நாம் பிள்ளையைத் தனியே அனுப்புவதில்லை. அந்தப் பயம் நியாயமானது. அதைப் போக்குவது மாநகராட்சியின் கடமை.

மீதி வேலை நம்முடையது. வாரம் ஒருமுறை பிள்ளையின் கையில் நாணயமாகக் காசு கொடுப்போம். எதை வாங்கினாய் என்று கேட்போம், ஏன் இதை வாங்கினாய் என்று கண்டிக்க வேண்டாம். கடலை மிட்டாயை இரண்டு ரூபாய்க்கு மேல் விற்றால் பேரம் பேசாமல் கொடுப்போம். கையால் செய்த பண்டத்துக்கு நியாய விலை மூன்று ரூபாய் என்றால் மூன்று ரூபாய்தான். ஐந்து பைசா பிரியாணிக்கு வரிசையில் நிற்பது எளிது, அது கடைக்காரர் நமக்குத் தந்த பரிசு. தெருமுனை அப்பத்தாவின் கமர்கட்டை அவர் கேட்கும் விலைக்கு வாங்குவது நாம் அவருக்குச் செலுத்த வேண்டிய கடன்.

1982-ன் பத்து பைசாவுக்கு இன்றைய மதிப்பு இரண்டு ரூபாய். அதைச் செலவழிக்க முடியாத குடும்பம் குறைந்துவிட்டது, மனதில்லாத குடும்பங்களே கூடியிருக்கின்றன. நம் பிள்ளைகளுக்கும் ஒரு கடை வேண்டும். எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் கடை, சின்னக் காசைச் சிரித்த முகத்தோடு வாங்கும் கடை. அதை நாம் உண்டாக்கித் தரவில்லை என்றால், அந்தக் காலம் போல வருமா என்று பெருமூச்சு விட நமக்கு உரிமை இல்லை.